டிசம்பர்ல சீல் குட்டி பார்க்கப் போறோம், ஹார்ஸியா டோனா நூக்கா? முட்டி வலியோட அம்மாவும் வர்றாங்க

மழைத்துளி_லண்டன்:

வணக்கம் எல்லாருக்கும். நாங்க கிழக்கு லண்டன்ல இருக்கோம், நான், வீட்டுக்காரர், ஆறு வயசுல ஒரு பொண்ணு. ஊர்லேருந்து அம்மா வந்திருக்காங்க, ஜனவரி முதல் வாரம் வரைக்கும் இருப்பாங்க. பொண்ணுக்கு ஸ்கூல்ல சீல் பத்தி என்னமோ சொல்லிக் குடுத்திருக்காங்க, அன்னைலேருந்து வீட்ல வேற பேச்சே இல்ல, ஹால்ல வயித்தால ஊர்ந்துதான் சாப்பிடவே வர்றா. சரி இந்த டிசம்பர்ல ஒரு நாள் நேர்ல காட்டிடலாம்னு இருக்கோம், கண்ணாடித் தொட்டிக்குள்ள அடைச்சு வச்சிருக்கறது வேண்டாம், கடற்கரையில தானா வந்து கிடக்கறதப் பார்க்கணும்.

தேடினா மூணு இடம் வருது, நார்ஃபோக்ல ஹார்ஸி, அங்கயே ப்ளேக்னி பாயிண்ட், லிங்கன்ஷயர்ல டோனா நூக். எதுக்குப் போறதுன்னு புரியல. அம்மாவுக்கு 68 வயசு, சமதரைன்னா அரை மணி நேரம் மெதுவா நடந்துடுவாங்க, மணல்ல ஏறி இறங்கறதுன்னா முட்டி புடிச்சுக்கும். பொண்ணு கிட்டத்துல பார்க்கணும்ங்கறா. தொடக் கூடாதுன்னு சொல்லி வச்சிருக்கேன், ஆனா நிஜமாவே எவ்வளவு கிட்ட போக விடுவாங்க? டிக்கெட் எடுக்கணுமா? போயிட்டு வந்தவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

இன்னொன்னு, அம்மா இது நீர்நாய்தானேன்னு கேட்டாங்க, நானும் ஆமான்னுட்டேன். சரிதானா?

நார்விச்வாசி:

நீர்நாய் வேற சிஸ்டர், அது ஆத்துல குளத்துல மீன் புடிக்கற ஓட்டர். சீலுக்குக் கடல்நாய்னு புத்தகத்துல எழுதுவாங்க, பேச்சுல எல்லாரும் சீல்னுதான் சொல்றோம், அம்மாகிட்ட கடல்நாய்னே சொல்லிடுங்க.

நான் நார்விச் வந்து ஒன்பது வருஷமாச்சு, ஒரு குளிர்காலம்கூட ஹார்ஸி போகாம விட்டதில்ல. இந்த சீசன்ல நீங்க பார்க்கப்போறது கிரே சீல். இந்தக் கரையில ரெண்டு வகை உண்டு, இன்னொன்னு காமன் சீல், அது கோடையிலதான் குட்டி போடும், அந்தக் குட்டி பொறந்த சில மணி நேரத்துலயே நீந்திடும். கிரே சீல் குட்டி அப்படி இல்ல, அக்டோபர் கடைசிலேருந்து ஜனவரி வரைக்கும் பொறக்குது, வெள்ளை வெளேர்னு பஞ்சு மாதிரி ரோமத்தோட வாரக்கணக்குல கரையிலயே கிடக்கும், அதனாலதான் டிசம்பர்ல இவ்வளவு கூட்டம் போகுது. ரெண்டையும் முகத்தை வச்சே கண்டுபிடிக்கலாம், கிரே சீலுக்கு மூக்கு நீளமா நெத்தியிலேருந்து நேரா இறங்கும், காமன் சீலுக்குச் சின்ன உருண்டை முகம்.

ஹார்ஸியில கடற்கரைக்குள்ள இறங்க முடியாது. சீசன் முழுக்க கயிறு கட்டி மூடிடுவாங்க, மணல்மேட்டு மேல நின்னுதான் கீழ பார்க்கணும், ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் ஹார்ஸி சீல்ஸ் வாலண்டியர்ங்க பளிச்னு தெரியற ஜாக்கெட் போட்டுக்கிட்டு வழி நெடுக நிப்பாங்க, என்ன கேட்டாலும் பொறுமையா சொல்லுவாங்க. பார்க்கறதுக்கு டிக்கெட் கிடையாது, கார் பார்க்குக்குக் காசு. சனி ஞாயிறுன்னா காலைல 9 மணிக்கே போயிடுங்க, லேட்டா போனா அந்தச் சின்ன ரோட்ல வரிசையா வண்டி நிக்கும். டிசம்பர்ல 3.40க்கெல்லாம் சூரியன் இறங்கிடும், மத்தியானம் சாப்டுட்டுக் கிளம்பலாம்னு நினைச்சா இருட்டைத்தான் பார்க்கணும்.

ஆனா உங்கம்மாவுக்கு ஹார்ஸி ஒத்து வருமான்னா எனக்குச் சந்தேகம்தான், மேட்டு மேல போற வழி பூரா மணல், கால் உள்ள போகும், உக்காரவும் இடம் இல்ல. எங்க மாமியார் பாதி வழியிலயே நின்னுட்டாங்க.

யாழ்_லிங்கன்:

தங்கச்சி, நாங்கள் லிங்கனில இருக்கிறம், டோனா நூக்குக்கு ஒவ்வொரு வருசமும் போறனாங்கள். அம்மாவுக்கு முழங்கால் நோ எண்டா நான் கண்ணை மூடிக்கொண்டு டோனா நூக் எண்டுதான் சொல்லுவன். கார் பார்க்கில இருந்து மணல் திட்டியைக் கடந்து அங்கால இறங்கினா சரி, அந்தத் திட்டியின்ர அடியிலயே வேலி நீளத்துக்கு நடந்து பாக்கலாம், கனதூரம் நடக்கத் தேவையில்லை. சீல் எல்லாம் வேலிக்கு அங்கால ஒட்டினபடி படுத்துக் கிடக்கும், சில நேரம் ரெண்டு மீற்றர் கூட இராது. நாங்கள் கிட்டப் போறதில்லை, அதுகளாத்தான் வேலியடிக்கு வருகுதுகள். போன வருசம் ஒரு குட்டி வேலிக் கட்டையில முதுகைத் தேய்ச்சுத் தேய்ச்சுச் சொறிஞ்சுகொண்டு கிடந்தது, வெள்ளை மயிர் கழண்டு கம்பி முழுக்க ஒட்டியிருந்தது, என்ர மகன் அந்த இடத்தை விட்டு அரக்கவே இல்லை.

லிங்கன்ஷயர் வைல்ட்லைஃப் ட்ரஸ்ட் ஆக்கள்தான் பாக்கினம். வருசத்துக்கு 2,000 குட்டிக்கு மேல அங்க பிறக்குது. பாக்கிறதுக்குக் காசில்லை, கார் பார்க்குக்கு மட்டும்தான். நாயைக் கொண்டு போக ஏலாது. சாப்பாடு ஒண்டும் குடுக்கக் கூடாது, வேலிக்குள்ளால கையை நீட்டக் கூடாது, பிள்ளைக்கு இதை வீட்டிலயே வடிவாச் சொல்லிக் கூட்டிக்கொண்டு போங்கோ.

ஏலுமெண்டா கிழமை நாளில போங்கோ, சனி ஞாயிறில சரியான சனம். கிழமை நாளில ஒரு விசயம் இருக்கு, அது விமானப்படையின்ர குண்டு போட்டுப் பழகிற இடம், தலைக்கு மேலால ஜெட் போகும், சிவப்புக் கொடி ஏத்தியிருந்தா கடல் பக்கம் போகவே கூடாது. சீல்களுக்கு அது பழகிப் போச்சு. பிள்ளை பயப்பிடும் எண்டா முதலே சொல்லி வையுங்கோ.

டிசம்பர் தொடக்கத்திலயே போறது நல்லம். அங்க நவம்பர் கடைசியிலதான் கனக்கக் குட்டி, கிறிஸ்மஸ் கிட்ட முட்டப் போனா தாய்ச் சீல் கனக்கக் கடலுக்குப் போயிடும். ஹார்ஸியில இதைவிடக் கொஞ்சம் பிந்தித்தான் நடக்கும்.

படகுப்பயணி:

ப்ளேக்னி பத்தி யாரும் சொல்லலையே. மோர்ஸ்டன் கீ படகுத்துறையில படகு ஏறினா ஒரு மணி நேரத்துல கூட்டிட்டுப் போய்க் காட்டிட்டு வந்துடுவாங்க, நடக்கவே வேண்டாம். இங்கிலாந்துலயே பெரிய கிரே சீல் கூட்டம் அதுதான், 2001ல 25 குட்டிதான் பொறந்துச்சாம், இப்ப வருஷத்துக்கு ஆயிரக்கணக்குல. 1912லேருந்து அந்த இடம் நேஷனல் ட்ரஸ்ட்ங்கற பாதுகாப்பு அமைப்பு கையில இருக்கு. ஆனா ஒன்னு, படகு கடல் ஏத்த இறக்கத்தைப் பார்த்துத்தான் கிளம்பும், நேரம் தினம் மாறும், முன்னாடியே புக் பண்ணணும், டிசம்பர் காத்துல திறந்த படகுல உக்காந்தா குளிர் எலும்புக்குள்ள போகும். குட்டியும் தூரத்துலதான் தெரியும். பெரியவங்களுக்கு நான் மே, ஜூன்ல சொல்லுவேன், அப்ப ஆலாப் பறவைங்களும் இருக்கும்.

வேலிக்காவல்:

நான் கிழக்குக் கரையில ஒரு பீச்ல நாலு குளிர்காலமா வாலண்டியர் வார்டனா நிக்கறேன். எவ்வளவு கிட்ட போகலாம்னு கேட்டிருந்தீங்க இல்லையா, அதுக்குக் கொஞ்சம் நீளமாவே பதில் சொல்றேன், இத மட்டும் முழுசா படிச்சுடுங்க.

குட்டி பொறக்கும்போது 14 கிலோ இருக்கும். தோல் தொளதொளன்னு, அண்ணன் சட்டையைத் தம்பிக்குப் போட்ட மாதிரி மடிப்பு மடிப்பா தொங்கும், ரோமம் முதல் ரெண்டு நாள் மஞ்சளா இருக்கும், பனிக்குடத்துத் தண்ணி பட்ட கறை அது. தாய்ப்பால்ல பாதிக்கு மேல கொழுப்பு. ஒரு நாளைக்கு 2 கிலோ ஏறும். ரெண்டு வாரத்துல பீப்பாய் மாதிரி உருண்டுடும், கழுத்தே இருக்காது. இதெல்லாம் நடக்கறது வெறும் 18 நாள்ல, அதிகபட்சம் மூணு வாரம். அந்த நாள் பூரா தாய் பெரும்பாலும் ஒன்னும் சாப்பிடாது, தன் உடம்புக் கொழுப்பைக் கரைச்சுத்தான் பால் குடுக்குது, குட்டி பெருக்கப் பெருக்க இது இளைச்சுக்கிட்டே போறது நம்ம கண்ணுக்கே தெரியும். அப்புறம் ஆண் சீலோட சேர்ந்துட்டுக் கடலுக்குப் போயிடும், திரும்பி வராது. வயித்துல உண்டான கரு மூணு மாசத்துக்கு மேல வளராம அப்படியே நிக்கும், அதுக்கப்புறம்தான் ஒட்டி வளர ஆரம்பிக்கும், அதனாலதான் வருஷா வருஷம் அதே மாசத்துல அதே கரைக்கு வந்து குட்டி போட முடியுது.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். தாயும் குட்டியும் ஒன்னை ஒன்னு வாசனையிலயும் குரல்லயும்தான் அடையாளம் வச்சுக்குது. பொறந்த உடனே மூக்கோட மூக்கு வச்சு மோந்துக்கும், பார்த்தீங்கன்னா மறக்கவே மாட்டீங்க. அந்த முதல் ஒன்னு ரெண்டு நாள்ல யாராவது நடுவுல போனா தாய் மிரண்டு தண்ணிக்குள்ள இறங்கிடும். சிலது திரும்பி வரும். சிலது வராது. மூணு வருஷத்துக்கு முன்னாடி ஒரு அப்பா, கயித்துக்கு அந்தப் பக்கம் பையனை ஒரு அஞ்சாறு அடி கொண்டு போய் நிறுத்தி போட்டோ எடுத்தார், நான் ஓடி வர்றதுக்குள்ள முடிஞ்சு போச்சு. கெட்ட மனுஷன் இல்ல அவர், குட்டி தூங்குதுன்னு நினைச்சிருக்கார். தாய் ஒரு தடவை வாயைத் திறந்து சீறிட்டுக் கடலுக்குப் போனது போனதுதான். சாயங்காலம் வரைக்கும் அந்தக் குட்டி கத்திக்கிட்டே இருந்துச்சு, பச்சக் குழந்தை அழற சத்தம் அப்படியே. மறுநாள் காலைலயும் தனியா கிடந்துச்சு, மீட்புக்காரங்க வந்து தூக்கும்போது 12 கிலோதான். அந்தச் சத்தம் இன்னைக்கும் காதுல இருக்கு.

அதுக்காகப் பயந்துக்கிட்டு வராம இருந்துடாதீங்க, வேலிக்கு இந்தப் பக்கம் நின்னா ஒரு தொந்தரவும் இல்ல, நீங்க நிக்கறதையே அது கண்டுக்காது. வேலி இல்லாத பீச்ல சீலைப் பார்த்தா 100 மீட்டர் தள்ளியே நில்லுங்க, அது தலையைத் தூக்கி உங்களையே பார்த்துச்சுன்னா பின்னால வந்துடுங்க. கடலுக்கும் சீலுக்கும் நடுவுல மட்டும் போகவே போகாதீங்க.

குட்டி தனியா கிடந்தா அனாதைன்னு நினைச்சுடாதீங்க, பால் மறந்த குட்டி வாரக்கணக்குல ஒன்னும் சாப்பிடாம, சேர்த்து வச்ச கொழுப்புலயே ஓட்டும், வெள்ளை ரோமம் உதிர்ந்து சாம்பல் ரோமம் வந்தப்புறம்தான் கடலுக்குப் போகும். பாவம்னு தண்ணிக்குள்ள தள்ளி விட்டவங்களையும் பார்த்திருக்கேன், அந்த ரோமத்தோட அது குளிர் தாங்காது. கண்ணுல தண்ணி வடியறதும் அழுகை இல்ல, நமக்குக் கண்ணீர் மூக்குக்குள்ள இறங்கற குழாய் இருக்கு, அதுக்கு இல்ல, அதனால கன்னத்துல வழியுது. நிஜமாவே அடிபட்டிருந்தாலோ கழுத்துல வலை, பிளாஸ்டிக் வளையம் மாட்டியிருந்தாலோ கிட்ட போகாம விலங்குகளைக் காப்பாத்தற ஆர்எஸ்பிசிஏ அமைப்புக்கு 0300 1234 999ல போன் பண்ணுங்க. நடுவுல ஓட்டை இருக்கற அந்த ஃப்ரிஸ்பி வளையம் இருக்கே, அதுக்குள்ள குட்டி விளையாட்டா தலையை விடும், உடம்பு வளர வளர அது கழுத்தை அறுத்துக்கிட்டே உள்ள இறங்கும். நார்ஃபோக்ல மட்டும் எத்தனையோ சீல் அப்படி மாட்டியிருக்கு. தயவுசெஞ்சு அத பீச்சுக்கு வாங்கிட்டுப் போகாதீங்க.

கடிச்சாலும் சாதாரணக் கடி இல்ல. விரல் வீங்கி மூட்டே போயிடலாம், பென்சிலின் கேக்காது, டெட்ராசைக்ளின் வகை மருந்துதான் குடுக்கணும், அதனால டாக்டர்கிட்ட சீல் கடிச்சதுன்னு தெளிவா சொல்லணும்.

கடைசியா பொண்ணுக்காக ஒன்னு. சீகல் பறவைக் கூட்டம் திடீர்னு கத்திக்கிட்டு ஒரே இடத்துல இறங்கினா அங்க பாருங்க. அப்பதான் ஒரு குட்டி பொறந்திருக்கும், நச்சுக்கொடியைத் தின்னத்தான் அதுங்க வரும்.

லென்ஸ்கண்:

மேல சொன்னதோட கொஞ்சம். டோனா நூக்குக்கு போன் கேமராவே போதும், பெரிய கேமரா இருந்தா 100-400 லென்ஸ் ஒன்னே எதேஷ்டம். வெள்ளைக் குட்டி வெயில்ல வெளுத்துப் போய் ரோமமே தெரியாம விழும், வெளிச்சத்தை ஒரு படி குறைச்சு எடுங்க. முட்டி போட்டு அது கண்ணு உயரத்துல எடுத்தா படமே வேற மாதிரி வரும். ஃப்ளாஷ் வேண்டாம், ட்ரோன் கூடவே கூடாது, ட்ரோன் சத்தத்துக்குக் கூட்டமே எழுந்து கடலுக்கு ஓடும், அந்த நெரிசல்ல குட்டி நசுங்கும், ஆண் சீல் 300 கிலோ வரைக்கும் இருக்கு. லென்ஸ் மாத்தறத கார்லயே முடிச்சுடுங்க, மணல் பறக்கும்.

மழைத்துளி_லண்டன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்ல. வேலிக்காவல் எழுதினத பொண்ணுக்கு அப்படியே படிச்சுக் காட்டினேன், பிளாஸ்டிக் வளையம் ஒன்னு வீட்ல இருந்துச்சு, அவளே கொண்டு போய்க் குப்பைத் தொட்டி பக்கத்துல வச்சுட்டு, வெட்டிட்டுத்தான் போடணும்னு கத்தரிக்கோல் கேட்டா.

டோனா நூக்குன்னு முடிவு பண்ணிட்டோம். வர்ற வெள்ளிக்கிழமை ஸ்கூல்ல இன்செட் டே, வகுப்பு இல்ல, வீட்டுக்காரரும் லீவ் போட்டுட்டார். யாழ்_லிங்கன் அண்ணா, அங்க டாய்லெட், உக்கார இடம் எல்லாம் இருக்குமா?

யாழ்_லிங்கன்:

சீசனுக்குத் தற்காலிக ரொய்லெற் வைப்பினம், ஆனா வழியில லௌத் எண்ட டவுனில நிண்டு அலுவலை முடிச்சுக்கொண்டு போனா நிம்மதி. அம்மாவுக்கு ஒரு மடிக்கிற கதிரை கொண்டு போங்கோ. காத்துக்கு ஒதுங்க இடமே இல்லை, சறம் மாதிரி நீளமா ஒரு கம்பளிப் போர்வை இருந்தா காலைச் சுத்தி விடுங்கோ. சப்பாத்து சேறாகும், பூட்ஸ் போடுங்கோ. பிளாஸ்க்கில தேத்தண்ணி மறக்காதேங்கோ. பிள்ளைக்கு ரெண்டு சோடி கையுறை.

மழைத்துளி_லண்டன்:

லேட்டா எழுதுறேன், மன்னிச்சுக்குங்க, வந்த உடனே பொண்ணுக்கு ஜலதோஷம்.

காலைல 5 மணிக்குக் கிளம்பினோம், லௌத்ல நிறுத்திட்டுப் போய்ச் சேர 9.30 ஆச்சு. திட்டு ஏறும்போது மட்டும் அம்மாவைக் கைத்தாங்கலா புடிச்சுக்கிட்டோம், அதுக்கப்புறம் அவங்களே நடந்தாங்க. முதல்ல பார்த்ததே வேலிக்கு ஒன்றரை மீட்டர்ல ஒரு வெள்ளைக் குட்டி, மல்லாந்து தூங்குது, மூக்கு ஓட்டை ரெண்டும் மூடி மூடித் திறக்குது. பொண்ணு ஒரு வார்த்தை பேசல. நான் அவ கையைப் புடிச்சிருந்தேன், தேவையே படல, அவளே ரெண்டு கையையும் கோட் பாக்கெட்ல விட்டுக்கிட்டா.

பத்தரைக்கு ஜெட் வந்துச்சு, அம்மா காதைப் பொத்திக்கிட்டாங்க, ஒரு சீல்கூட தலையைத் தூக்கல.

அப்புறம்தான் அது நடந்துச்சு. தூரத்துல பறந்துக்கிட்டிருந்த சீகல் எல்லாம் திடீர்னு கத்திக்கிட்டு ஒரு இடத்துல இறங்குச்சு, பொண்ணு அங்க அங்கன்னு கத்தினா. வேலியிலேருந்து ஒரு முப்பது மீட்டர் இருக்கும். பொறக்கறத நாங்க பார்க்கல, நாங்க பார்க்கும்போது மஞ்சளா ஈரமா ஒன்னு மணல்ல தலையை ஆட்டிக்கிட்டுக் கிடக்குது, தாய் திரும்பி சீகலை எல்லாம் வாயைத் திறந்து விரட்டிட்டு, குனிஞ்சு மூக்கோட மூக்கு வச்சுச்சு. வேலிக்காவல் சொன்ன மாதிரியே. அம்மா கதிரையைத் திருப்பிப் போட்டு உக்காந்தவங்க முக்கால் மணி நேரம் எழுந்திருக்கல. குட்டிக்குப் பால் எங்கன்னு தெரியல, தாயோட முதுகுப் பக்கம் போய் முட்டுது, தலைமாட்டுல போய்த் தேடுது, தாய் மெல்லப் புரண்டு படுத்துக்கிட்டு முன்னங்கையால அதைச் சொறிஞ்சு சொறிஞ்சு கீழ வரவழைக்குது. அம்மா "இந்தப் பக்கம்டா, இந்தப் பக்கம் வா"ன்னு முணுமுணுத்துக்கிட்டே இருந்தாங்க. வாயை வச்சதும்தான் தேத்தண்ணியே குடிச்சாங்க. "பச்ச உடம்புக்காரி, பட்டினி கிடந்துல்ல குடுக்குறா"ன்னாங்க.

2 மணிக்குக் கிளம்பினோம், மனசே இல்ல.

வீட்டுக்கு வந்ததும் பொண்ணு காலண்டர்ல அந்த வெள்ளிக்கிழமையை வட்டம் போட்டு அங்கேருந்து 18 எண்ணிக் கடைசி நாள்ல ஒரு மீன் வரைஞ்சு வச்சிருக்கா, தாய் திரும்பக் கடலுக்குப் போய்ச் சாப்பிடற நாளாம் அது. அம்மா தினமும் காலைல காபி குடிச்சுக்கிட்டே "இன்னைக்கு எத்தனாவது நாள்டி"ன்னு அவகிட்ட கேக்குறாங்க. இன்னைக்குப் பதினொன்னு.